பழைய டபுள் டெக்கர் டிராம் போட்டோவ எப்படி பாக்கணும்?

1900 வாக்குல இங்கிலாந்துல ஓடின கரண்ட் டிராம் போட்டோ கெடைச்சா எல்லாரும் பெயிண்ட்டையும் நம்பரையும்தான் பாப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒண்ணும் புரியல. மேலேர்ந்து கீழ வாங்க, அதான் ஈஸி.

ஸ்டெப் 1: கூரை. ஆரம்பத்துல மாடிக்கு கூரையே கிடையாது, மழை வந்தா நனைய வேண்டியதுதான். அப்புறம் நடுவுல மட்டும் மூடி ரெண்டு முனையையும் பால்கனியா விட்டாங்க, முழுசா மூடினது அதுக்கும் பின்னாடி. ஹாங்காங்ல 1912ல மொட்டை மாடியா விட்ட வண்டிக்கு அடுத்த வருஷமே கேன்வாஸ் கூரை போட்டுட்டாங்க! ஆனா ஏமாறாதீங்க, பழைய வண்டிக்கே பின்னாடி கூரை மாட்டுறது சகஜம், அதனால கூரைய வெச்சு வண்டியோட வயச சொல்லாதீங்க.

ஸ்டெப் 2: மாடியோட ஓரம். கைப்பிடிக் கம்பிக்குக் கீழ சுத்தி பலகை அடிச்சு சோப்பு விளம்பரம் இருக்கும். விளம்பரத்துக்குன்னு வெச்சது இல்ல, மேல உக்காந்திருக்கற பொம்பளைங்க கணுக்கால் ரோட்டுல போறவன் கண்ணுல படக்கூடாதுன்னு வெச்சது, பேரே டீசன்ஸி போர்டு.

ஸ்டெப் 3: படிக்கட்டு, எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். வண்டியோட முனையில டிரைவர் நிக்கற மேடை, அதான் பிளாட்ஃபார்ம், அதுலேர்ந்தே வளைஞ்சு மேல போகும். இது எந்தப் பக்கமா சுத்துதுன்னு பாருங்க. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தற 'ரிவர்ஸ்டு' படின்னா, இறங்கும்போது கால் தவறினாலும் ரோட்டுல போய் விழாம பிளாட்ஃபார்ம்லயே விழுவாங்கன்னு ஒரு கணக்கு, ஆனா அந்தப் படியே டிரைவருக்கு நடைபாதைப் பக்கத்து ரோட்ட மறைச்சிடும், அதனால நிறைய ஊர்ல பிறகு மாத்திட்டாங்க. டிரைவர் பாவம், முன்னாடி கண்ணாடிகூட இல்லாம பனியில நின்னுட்டே ஓட்டணும்.

ஸ்டெப் 4: மாடியிலேர்ந்து நிக்கற கம்பமும் அதுலேர்ந்து சாஞ்சு மேல போற கரண்ட் ஒயரைத் தொடற 'டிராலி போல்'ங்கற நீளக் கம்பியும். கடைசி ஸ்டாப்புல வண்டிய திருப்ப மாட்டாங்க, அந்த நீளக் கம்பிய மட்டும் மறுபக்கம் திருப்பிவிட்டு, மேல இருக்கற சீட்டோட முதுகையும் தட்டிப் போட்டா போதும், பின்னாடி இருந்தது முன்னாடி ஆயிடும்.

ஸ்டெப் 5: சக்கரம். சின்ன வண்டின்னா நாலே சக்கரம். பெருசுன்னா முன்னாடி நாலு பின்னாடி நாலுன்னு எட்டு, அதுல சிலதுல ஒவ்வொரு நாலுலயும் ஒரு ஜோடி பெருசு ஒரு ஜோடி சிறுசுன்னு இருக்கும், மோட்டார் பெருசுலதான், எடையும் அது மேலதான் அதிகமா விழும், வழுக்காம இழுக்கணுமே.

சக்கரத்துக்கு முன்னாடி இருட்டா மரச்சட்டம் ஒண்ணு தொங்கும், ஜூம் பண்ணுங்க. விழுந்த ஆள் அதுல இடிச்சா உள்ள இருக்கற தட்டு டபக்குன்னு தரையில இறங்கி, சக்கரத்துக்குப் போகாம ஆள வாரிக்கும்.