கரண்ட் பில்லை வச்சு மேடையில பகிடி விடுறது எப்பிடி

ஊரில பொங்கல் விழா, வாசிகசாலை ஆண்டு விழா எண்டு வந்தா காணும், "அண்ணை நீங்களும் ஒரு பகிடி செய்யுங்கோவன்" எண்டு கழகத்துப் பெடியள் வீட்டு வாசலில வந்து நிப்பாங்கள். அதுக்காக யூடியூபில பாத்த மாமியார் மருமகள் பகிடியைத் தூக்கிக்கொண்டு மேடையேறாதேங்கோ, முன்னுக்குப் பாயில இருக்கிற சின்னனுகளே அதைப் பாத்து முடிச்சிட்டுதுகள். குசினியில செருகி வச்சிருக்கிற கரண்ட் பில்லை எடுங்கோ, அஞ்சு நிமிசத் தனிநடிப்புக்கு அது தாராளம்.

முதல் பில்லை விளங்கிக்கொள்ளோணும். இலங்கையில சாதாரண வீட்டுக்கு முக்கியமான கோடு மாசம் 60 யூனிற். அதைத் தாண்டி 61க்குப் போனா கூடின ஒரு யூனிற்றுக்கு மட்டும் காசு ஏறாது, முதல் யூனிற்றில இருந்தே வேற ரேட்டில கணக்குப் போடுவினம், நிலையான கட்டணமும் கூடும். 60 எண்டா நாளைக்கு ரெண்டு யூனிற். 60 வாட்ஸ் ஃபான் ஒண்டு ராவில பத்து மணித்தியாலம் சுத்தினா மாசம் 18, ரெண்டு அறையில ரெண்டு ஃபான் எண்டா 36 அங்கயே போச்சு, மிச்சம் 24க்குத்தான் ஃபிரிஜ், ரீவி, தண்ணி மோட்டர், அயன்பொக்ஸ் எல்லாம் அடிபடுதுகள்.

இந்த அடிபாட்டிலதான் உங்கட பகிடி கிடக்கு. மாசக் கடைசியில ரோச் அடிச்சு மீற்றர் பாக்கிற அப்பாவைக் கொண்டுவாங்கோ: "57ல நிக்குது, ஒருத்தரும் சேட்டு அயன் பண்ணப்பிடாது, நாளைக்குக் கலியாண வீட்டுக்கு எல்லாரும் கசங்கித்தான் போறம்." பின்னால அம்மம்மா: "உங்கட கொப்பன் ஜாம்போத்தல் விளக்கில படிச்சவன், உங்களுக்குப் படுக்கவும் லைற் வேணுமோ?" சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலம் கண்ட சனம் இதுக்குக் கட்டாயம் சிரிக்கும், தாங்களும் வீட்டில அதைத்தானே சொல்லுகினம். சீலை, விக் ஒண்டும் தேவையில்லை, ஒரு துவாய் காணும். தோளில போட்டா அப்பா, தலையில போட்டா அம்மம்மா, கையைத் துடைச்சா மனுசி. உங்கட மனுசிக்கு முதலே ஒருக்கா செய்து காட்டுங்கோ, அவ திருத்திற வசனத்துக்குத்தான் மேடையில கூடச் சிரிப்பு விழும் (நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ).

அரசியலுக்கு வீட்டுக்குள்ளால போங்கோ, நேர போனா அது கூட்டப் பேச்சாப் போயிடும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, அப்ப அப்பா எவ்வளவு சந்தோசமா இருந்தவர் எண்டு தொடங்குங்கோ. பிறகு கணக்கை முகத்தில சிரிப்பில்லாமல் சொல்லுங்கோ: 2022 ஆவணியில கரண்ட் கட்டணம் சராசரி 75 வீதம் கூட்டினது, 2023 மாசியில அதுக்கு மேல 66 வீதம், 2025 தையில 20 வீதம் குறைச்சது. குறைச்சது எண்ட உடன அப்பா ரெண்டாவது ஃபானைப் போடுறார். கொஞ்சம் சும்மா நில்லுங்கோ. "ஆனியில 15 வீதம் கூட்டியாச்சு." ஃபானை நிப்பாட்டுங்கோ.

கட்சிப் பேர் சொல்லாதேங்கோ, பிரதம விருந்தினர் எந்தப் பக்கம் எண்டு கடைசி நிமிசம் வரைக்கும் தெரியாது. கிளிநொச்சியில மேடை எண்டா இன்னொண்டும் கையில இருக்கு: நாங்கள் வன்னிச் சனம், ஆனா வோட்டு மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, மன்னார் வவுனியா முல்லைத்தீவுதான் வன்னி மாவட்டம். "பில் மட்டும் சரியா எங்கட வீட்டு வாசலுக்கே வருது."

காணாமல் போன பிள்ளையள், செத்த சனம், கை கால் இழந்த ஆக்கள், இதில ஒண்டையும் தொடாதேங்கோ. "சும்மா பகிடிதானே" எண்டு சொல்லுறதுக்கும் இடமில்லை, அந்தத் தாய்மார் முன்வரிசையிலதான் இருப்பினம்.

விருந்தினர் பேச்சு இழுபட்டு உங்களுக்கு ரெண்டு நிமிசம்தான் மிஞ்சும், அதால அப்பாவும் அம்மம்மாவும் மட்டும் வாற சின்ன வடிவம் ஒண்டையும் பழகி வையுங்கோ. ஒண்டுக்கும் சிரிப்பு வரேல்லை எண்டா பயப்பிடாமல் உங்கட பில் தொகையைச் சத்தமா வாசிச்சு "இதைவிடக் கூட ஆருக்கு வந்தது?" எண்டு கேளுங்கோ. பின்வரிசையில ஆரோ ஒராள் கோவத்தோட எழும்புவார். மைக்கை அவரிட்டக் குடுத்திட்டு இறங்குங்கோ.