கெட்டிலில் உப்பு ஓடு கட்டுகிறதா? எலுமிச்சை உப்பைச் சரியாகப் பயன்படுத்தும் முறை

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் போர் தண்ணீரில்தான் வீடு ஓடுகிறது என்றால் எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிய சில மாதத்திலேயே அடியில் வெள்ளையாக ஓடு கட்டிவிடும். நம்ம திருநெல்வேலி ஜில்லா மண்ணில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமே இல்லை, அதை நம்பித்தானே 1949-லேயே தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. அந்த ஓட்டைக் கத்தியால் சுரண்டாதீர்கள், பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருகிற சிட்ரிக் ஆசிட் போதும்.

படிவு முழுக்க மூழ்குகிற அளவு தண்ணீர் ஊற்றிச் சூடாக்குங்கள். கொதி வருவதற்கு முன்னாலேயே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லிட்டருக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் (கிட்டத்தட்ட 25 முதல் 30 கிராம்) தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் நுரை பொங்கி வெளியே வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஓட்டின் விளிம்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்புவது தெரியும், அது கார்பன் டை ஆக்சைடு. குமிழி நின்றுபோனால் வேலை முடிந்தது, அல்லது ஆசிட் தீர்ந்தது, இரண்டில் ஒன்று. அரை மணி நேரம் விட்டுக் கொட்டிக் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரை ஒரு தடவை கொதிக்கவைத்துக் கீழே ஊற்றிவிடுங்கள்.

ஓடு தடிமனாக இருந்தால் புதுத் தூள் போட்டு இரண்டாவது தடவை செய்யவேண்டியதுதான். கணக்குப்படி 100 கிராம் தூள் அதிகபட்சம் எழுபது சொச்சம் கிராம் சுண்ணாம்புப் படிவோடுதான் வினைபுரியும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தூளைச் சிக்கனமாகப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கொதிகொதியென்று கொதிக்க விடுவார்கள், அப்புறம் பார்த்தால் அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் புதிதாக ஒன்று இறங்கியிருக்கும். அதன் பெயர் கால்சியம் சிட்ரேட். குளிர்ந்த நீரில் கரைகிற அளவுகூட அது வெந்நீரில் கரையாது. ஆகவே வெதுவெதுப்புக்குக் கொஞ்சம் மேலே போதும், கொதி வேண்டாம்.

நமக்குத் தொந்தரவு தருகிற அதே வெள்ளை மாவை வைத்துத்தான் ஆலைக்காரர்கள் சிட்ரிக் ஆசிட்டைப் பிரித்தெடுத்தார்கள், இன்றும் பல ஆலைகளில் அப்படித்தான். 1784-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் பிரித்ததும் இதே வழியில்தான். முதல் உலகப்போர் வரை இத்தாலி எலுமிச்சைதான் உலகத்துக்குக் கதி. 1917-இல் ஜேம்ஸ் கரி என்பவர் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை சர்க்கரையைத் தின்று சிட்ரிக் ஆசிட்டை அள்ளிக் கொட்டும் என்று காட்ட, 1919-இல் ஃபைசர் கம்பெனி அதைத் தொழிலாக்கியது. சின்ன வெங்காயம் உரிக்கும்போது தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி ஒட்டியிருக்குமே, பெரும்பாலும் அதே பூஞ்சைதான். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகையோ மாவுச்சத்திலிருந்து எடுத்த சர்க்கரையையோ பெரிய தொட்டியில் கரைத்து, சுத்தமான காற்றை விடாமல் உள்ளே செலுத்தி, 30 டிகிரி அளவில் ஒரு வாரம் போல வைப்பார்கள். புளிப்பு ஏறி பிஎச் 2-க்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் மற்ற கிருமிகள் எளிதில் தலைகாட்டாது. மாங்கனீசு மட்டும் துளி கூடினாலும் பூஞ்சை ஆசிட் செய்வதை விட்டுவிட்டுத் தன் உடம்பை வளர்க்கப் போய்விடும், அதனால் அதில் படு கறாராக இருப்பார்கள். பிறகு பூஞ்சையை வடிகட்டி, சுண்ணாம்பு சேர்த்து, கால்சியம் சிட்ரேட்டாக இறக்கி, அதில் கந்தக அமிலம் ஊற்றினால் ஜிப்சம் ஒதுங்கி, சிட்ரிக் ஆசிட் கரைசலாக நிற்கும். அதைச் சுத்தப்படுத்திப் படிகமாக்குவார்கள். இந்தப் பூஞ்சையை வீட்டில் ஜாடியில் வளர்த்துப் பார்க்கலாமா என்றால், கூடாது. கூடவே எந்த நச்சுப் பூஞ்சை வளர்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தயாராகிற சரக்கில் பெரும்பங்கு குளிர்பானம், ஜாம், மிட்டாய்க்குப் போகிறது, மிச்சம் தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைக்கும் சலவைத் தூளுக்கும். வீட்டிலும் பன்னீருக்கு இது அருமை. ஒரு லிட்டர் பால் காய்ந்ததும் அடுப்பை அணைத்து, அரை டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து மெதுவாக விடுங்கள், பிரிகிற நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு என்றால் பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். ஆனால் சர்பத்துக்கு இதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புளியங்குடி எலுமிச்சையின் வாசம் தோலில் இருக்கிற எண்ணெயில் இருக்கிறது, இந்தத் தூளில் வெறும் புளிப்புதான்.

ஷவர் தலையைக் கழற்றி இதே கரைசலில் ஊறப்போடலாம். குரோம் பூசிய குழாய்க்குக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைக்காதீர்கள். மொசைக், மார்பிள், சிமெண்ட் தரையில் சொட்டினால் பளபளப்பு போய்விடும். யூடியூபில் காட்டுகிற மாதிரி ஆப்ப சோடாவையும் சேர்த்தால் நுரை நன்றாக வரும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், ஓடு அப்படியே இருக்கும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மிச்சத் தூளை இறுக்கி மூடி வையுங்கள், சாரல் காலத்தில் ஈரம் ஏறிக் கல்லாகிவிடும்.