சீன எனாமல் ஜாடி வாங்கப் போகிறீர்களா?

பெய்ஜிங் போகிறவர்கள் ஆசையாக வாங்கி வருவது குளோய்சனே எனாமல் ஜாடி. செம்புப் பாத்திரத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து ஒட்டி, இடைவெளிகளில் எனாமல், அதாவது நிறக் கண்ணாடிப் பொடிக் குழம்பை நிரப்பி, சுமார் 800 டிகிரி சூட்டில் சுடுவார்கள். சுட்டதும் எனாமல் உள்வாங்கிவிடும். மறுபடி நிரப்பி, மறுபடி சுட வேண்டும். எத்தனை உழைப்பு!

அதனால் வாங்கும்போது ஜாடியின் மேலுள்ள பூ வேலைப்பாட்டில் இதழின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நிறங்களுக்கு நடுவே கம்பி உலோகமாகவே மின்ன வேண்டும். வெறும் தங்கநிறப் பெயின்ட் கோடு என்றால் வேண்டாம். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு அல்ல.

துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும். செம்புதானே என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பியின் மேல் பூசிய தங்கமுலாமும் எனாமலின் பளபளப்பும் கெட்டுவிடும்.