உத்யம் பதிவில் சரியான என்.ஐ.சி. எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னிமலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆறு தையல் மிஷின் வைத்து பெட்ஷீட் தைக்கிறார். ஒரு டெண்டரில் முன்வைப்புத் தொகையிலிருந்து (இ.எம்.டி. என்பார்களே, அதுதான்) விலக்கு கேட்டார். முடியாது என்று நிராகரித்துவிட்டார்கள். அவருடைய உத்யம் சான்றிதழை (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது) வாங்கிப் பார்த்தேன். முக்கியத் தொழில் என்ற இடத்தில் ‘டிரேடிங்’ என்றும், அதற்குக் கீழே 47-இல் தொடங்கும் என்.ஐ.சி. எண்ணும் (எந்தத் தொழில் என்று வகைப்படுத்தும் தேசியக் குறியீடு) இருந்தன. அது சில்லறை வணிகத்துக்கான எண். பதிவு செய்யப் போன கம்ப்யூட்டர் சென்டரில் “என்ன வியாபாரம்ணே?” என்று கேட்டிருக்கிறார்கள். “துணி வியாபாரம்” என்று சொல்லியிருக்கிறார். நம் பேச்சில் எல்லாமே வியாபாரம்தானே! படிவத்துக்கு அது தெரியாது.

2012-இல் வந்த பொதுக் கொள்முதல் கொள்கைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையும் கிடையாது. ஆனால் இந்தச் சலுகைகள் வணிகர்களுக்கு இல்லை. 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்தார்கள், அது வங்கிகள் தரும் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். அதனால் பொருளை உற்பத்தி செய்கிறவர் தவறுதலாக வணிகர் என்று பதிந்துவிட்டால் இவை எல்லாம் கைவிட்டுப் போகும்.

படி 1: பட்டறையில் நடப்பதை எழுதுங்கள்

இணையதளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன வாங்குகிறேன், அதை என்ன செய்கிறேன், என்னவாக வெளியே அனுப்புகிறேன். “தறித் துணி வாங்குகிறேன், வெட்டித் தைக்கிறேன், படுக்கை விரிப்பாகக் கொடுக்கிறேன்.” இவ்வளவு போதும்.

படி 2: எண்ணை இடமிருந்து பிரித்துப் படியுங்கள்

இங்கே எடுத்துக்கொள்வது என்.ஐ.சி. 2008 பட்டியல். மொத்தத் தொழில்களையும் A முதல் U வரை 21 பிரிவுகளாகப் பிரித்து, ஐந்து இலக்கம் வரை இறங்குகிறது. நம் பெட்ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். உற்பத்தி என்பது C பிரிவு. அதில் 13 ஜவுளி. 139 பிற ஜவுளிப் பொருட்கள். 1392 உடை அல்லாத தைத்த துணிப் பொருட்கள். அதற்குள் விரிப்பு, கொசுவலை, தார்ப்பாய் என்று ஐந்தாவது இலக்கம் பிரிகிறது.

தேடல் பெட்டியில் பொருளின் பெயரை அடித்து, முதலில் வருவதைச் சொடுக்கிவிடாதீர்கள். மேலிருந்து இறங்கி வந்தால்தான் எந்தக் குடும்பத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

படி 3: பக்கத்து எண்ணையும் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். திருப்பூரில் பின்னல் துணியை வெட்டி டி-ஷர்ட் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பின்னல்’ என்று தேடினால் 1430 வந்து நிற்கும். அது ஸ்வெட்டர், சாக்ஸ் போல நேரடியாக உருவமாகவே பின்னி எடுக்கும் உடைகளுக்கானது. துணியை வெட்டித் தைத்தால், அது பின்னல் துணியாக இருந்தாலும், 1410. துணியை மட்டும் பின்னி விற்றால் 1391.

சென்னிமலையிலும் இதே கதைதான். தறியில் நெய்வது 1312, தைப்பது 1392. இரண்டும் செய்தால் இரண்டையும் சேர்க்கலாம். உத்யமில் ஒரு தொழிலுக்கு ஒரே பதிவுதான், ஆனால் அதற்குள் பல எண்கள் சேர்க்க இடம் இருக்கிறது. அதற்காக நாளை செய்யப்போகும் தொழிலையெல்லாம் அடுக்க வேண்டாம்.

படி 4: ஜி.எஸ்.டி. எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

பில்லில் போடும் எச்.எஸ்.என். வேறு. அது பொருளுக்கான எண். படுக்கை விரிப்புக்கு 6302. என்.ஐ.சி. நீங்கள் செய்யும் வேலைக்கான எண்.

படி 5: பதியுங்கள், அல்லது திருத்துங்கள்

udyamregistration.gov.in தளத்தில் பதிவு முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் கையில் இருக்கட்டும். முக்கியத் தொழில் எது என்று கேட்கும் இடத்தில் நிதானமாக உற்பத்தியா, சேவையா என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள். சேவை என்று போட்டால் வணிகமா, வணிகம் அல்லாததா என்று அடுத்த கேள்வி வரும். அதையும் படித்துவிட்டுச் சொடுக்குங்கள்.

ஏற்கெனவே பதிந்தவர்கள் அதே தளத்தில் ‘அப்டேட்’ பகுதிக்குப் போய், உத்யம் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்துத் திருத்தலாம். அப்புறம் சான்றிதழை மறுபடி இறக்கி, எண்கள் இருக்கும் அட்டவணையை டெண்டரில் கேட்ட பொருளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இதையெல்லாம் டெண்டர் கடைசித் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

சென்னிமலை நண்பருக்குத் திருத்தம் செய்ய ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. புதுச் சான்றிதழில் 1392 என்று வந்திருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு, மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.