கழுத்துப் பட்டை இருந்தா போதும்: யோகி, ஸ்கூபி காலத்து முறையில பேசற நாய் கார்ட்டூன் செய்யலாம்

யோகி கரடிக்கு தொப்பி உண்டு, வெள்ளை காலர் உண்டு, பச்சை டை உண்டு, பேண்ட் மட்டும் கிடையாது. சின்ன வயசுல டிவில பாக்கறப்ப ஏதோ ஸ்டைல்னு நெனச்சிட்டேன். போன மாசம் அக்கா பையனுக்காக ஒரு பேசற நாய் வீடியோ செய்யலாம்னு உக்காந்து மூணு ராத்திரி தூக்கம் போனப்புறம்தான் அந்த காலர் எதுக்குன்னு புரிஞ்சுது.

யோகிய உருவாக்கின ஹன்னாவும் பார்பராவும் எம்ஜிஎம் சினிமா கம்பெனில தியேட்டருக்காக டாம் அண்ட் ஜெர்ரி செஞ்சிட்டிருந்தவங்க. 1957ல அந்த கார்ட்டூன் ஸ்டூடியோவ மூடிட்டாங்க, டிவி பக்கம் வந்தா அங்க காசும் கம்மி, டைமும் கம்மி. அதனால உடம்ப ஒரு தடவ வரைஞ்சு அப்படியே வச்சுட்டு தலைய மட்டும், வாய மட்டும் மாத்தினாங்க. தலையும் உடம்பும் சேர்ற எடம் கண்ணுக்கு தெரியக்கூடாதுல்ல, அதுக்கு கழுத்துல எதையாவது மாட்டி விட்டாங்க. 1958ல வந்த யோகிக்கு டை, கூடவே சுத்தற குட்டி கரடி பூபூவுக்கு போ டை, ஃப்ளின்ட்ஸ்டோன் கார்ட்டூன்ல வீட்ல வளக்கற டைனோசர் டினோவுக்கு பட்டை, 1969ல வந்த ஸ்கூபி நாய்க்கு நீல பட்டை. இத வச்சுதான் நம்ம நாயும்.

கணக்கு போட்டு பாருங்க. வீடியோன்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது அசையாத 24 படம் வரிசையா ஓடும், ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம், 20 செகண்டுக்கு 240. நான் மொதல்ல முழு நாயையும் ஒவ்வொரு படத்துலயும் வரைய ஆரம்பிச்சு முப்பதாவதுலயே கை விட்டுட்டேன், அதுவும் கோடெல்லாம் ஆடி ஆடி நாய்க்கு குளிர் ஜுரம் வந்த மாதிரி இருந்துச்சு. இந்த முறையில உடம்பு 1, தலை 3, வாய் 5, கண் 2, பட்டை 1, மொத்தமே 12 படம்தான்.

சாஃப்ட்வேர் க்ரிட்டா. இலவசம், லேயர் (கண்ணாடி தாள் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி தனித்தனியா வரையறது) எத்தன வேணும்னாலும் போடலாம். ஃபோன் ஆப்ல செய்யாதீங்க, விரல் நுனில நாய் மூக்கு வரையறதெல்லாம் ஆகற கதையில்ல. பேனா டேப்லெட் இருந்தா நல்லது, இல்லன்னா மவுஸ் போதும், மொத்தமே 12 படம்தானே.

படி 1, நாய டிசைன் பண்றது. ஸ்கூபியவே வரையாதீங்க, அது அவங்க சொத்து, யோசனைய மட்டும் எடுத்துக்கலாம். ஸ்கூபிய வரைஞ்ச இவாவோ டகமோட்டோ, கிரேட் டேன் வளத்த ஒருத்தர்கிட்ட நல்ல ஜாதி நாய்க்கு என்னென்ன லட்சணம்னு கேட்டுட்டு எல்லாத்தையும் தலைகீழா வரைஞ்சாராம். நேரான முதுகுன்னா கூன், நேரான காலுன்னா வளைஞ்ச கால். எங்க அக்கா வீட்டு நாய் மணி, ராஜபாளையம் ஜாதி, ஒட்டின வயிறு, நீளமான நேர் கால். நான் தொப்பையும் வளைஞ்ச காலும் போட்டேன், ரோஸ் மூக்க மட்டும் விட்டு வச்சேன். பாத்த உடனே பையன் "மாமா, இது நம்ம மணி"ன்னுட்டான். கால் நடக்கறத காட்டாதீங்க, நாலு கால் நடைக்கு தனியா ஒரு ஜென்மம் எடுக்கணும். ஒரு புதருக்கு பின்னாடி நிக்க வச்சிருங்க.

படி 2, லேயர். கீழ உடம்பு, அதுக்கு மேல தலை, அதுக்கு மேல வாய், கண், எல்லாத்துக்கும் மேல பட்டை. உடம்புக்கும் பட்டைக்கும் ஃப்ரேம் போடவே வேண்டாம், அது பாட்டுக்கு கடைசி வரைக்கும் நிக்கும்.

படி 3 தான் என்ன பாடா படுத்தினது, மெதுவா படிங்க. தலைய சாய்ச்சா கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவுல வானம் தெரிஞ்சுது. "மாமா, தலை கழண்டு வருது"ன்னு அவன் சொன்னப்ப சிரிச்சேன், அப்புறம் பாத்தா நிஜமாவே கழண்டுதான் இருந்துச்சு. சரின்னு கழுத்த கீழ நீட்டி வரைஞ்சேன், தலை லேயர் உடம்புக்கு மேல இருக்கறதால அந்த நீட்டின துண்டு பட்டைக்கு அடியில நெஞ்சு மேல நாக்கு மாதிரி தொங்குச்சு. தப்பு ரெண்டு. ஒண்ணு, பட்டை ரொம்ப மெலிசு, குறைஞ்சது கழுத்து அகலத்துல மூணுல ஒரு பங்கு உயரம் வேணும், கழுத்து நுனி பட்டையோட பாதி உயரத்துலயே, கொஞ்சம் உருண்டையா முடியணும். இன்னொண்ணு, நான் தலைய அதோட நடுவ வச்சு சுத்திட்டிருந்தேன். கண்ட்ரோல் டி அழுத்தி, நடுவுல தெரியற சின்ன புள்ளிய பிடிச்சு பட்டையோட நடுவுக்கு இழுத்துட்டு அப்புறம் சுத்துங்க, கதவு கீல்ல திரும்பற மாதிரி பட்டைக்குள்ளயே திரும்பும். இந்த ஒரு புள்ளிக்காக ரெண்டு ராத்திரி போச்சு.

படி 4, வாய். அஞ்சு வடிவம்: மூடினது ப, ம வுக்கு, அகலமா ஆ, பல் தெரிய ஈ, குவிஞ்ச ஊ, கீழ் உதட்ட கடிச்ச வ. மத்த எழுத்தெல்லாம் இதுக்குள்ளயே ஓட்டிரலாம். தமிழுக்கு ஒண்ணு கவனிங்க, இரட்டிக்கற மெய்ல வாய் கொஞ்சம் நின்னுதான் வரும். "அம்மா"வுக்கு நான் போட்டது: அ 2 ஃப்ரேம், மூடின வாய் 4, ஆ 6. மூடினத 2ல விட்டப்ப "அமா"ன்னு கேட்ட மாதிரியே இருந்துச்சு, சத்தம் சரியா இருந்தும் கண்ணு காத ஏமாத்திருச்சு. ஒரே வாய திரும்ப திரும்ப ஒட்டறதுக்கு காப்பி பண்ணாம க்ளோன் கீஃப்ரேம் (ஒரே படத்தோட இணைஞ்சே இருக்கற நகல்) போடுங்க, ஒண்ண திருத்தினா எல்லாம் மாறும்.

குரல் நானே பேசினேன். ஸ்கூபிக்கும் அதுக்கு முன்னாடி 1962ல வந்த ஜெட்சன் கார்ட்டூன் வீட்டு நாய் ஆஸ்ட்ரோவுக்கும் பேசினது டான் மெஸ்ஸிக், ரெண்டும் வார்த்தை முன்னாடி ஒரு 'ர' சேத்துதான் பேசும். நானும் மணிய "ரம்மா, ரசிக்குது"ன்னு பேச வச்சேன். பசிக்குதுன்னு சொல்லுது, பொழிப்புரை கேக்காதீங்க.

படி 5, ரெண்டர், அதாவது எல்லாத்தையும் சேத்து வீடியோ ஃபைலாக்கறது. ஃபைல் மெனுல ரெண்டர் அனிமேஷன், எம்பி4, அவ்ளோதான்.

பின்சேர்க்கை: அவ்ளோதான் இல்லயாம், ரெண்டு பேர் கமெண்ட்ல அழுதிருக்காங்க. ஆடியோ 15 செகண்ட், வீடியோ நாலு செகண்ட்ல முடியுதுன்னு. க்ரிட்டா புது ஃபைலுக்கு 100 ஃப்ரேம் வரைக்கும்தான் வச்சிருக்கும், டைம்லைன் செட்டிங்ஸ்ல கிளிப் முடியற எண்ண 15 செகண்டுக்கு 24 வீதம் 360ன்னு மாத்துங்க. பழைய வெர்ஷன் வச்சிருக்கறவங்களுக்கு எஃப்எஃப்எம்பெக் (வீடியோ ஃபைல் ஆக்கற துணை சாஃப்ட்வேர்) இல்லன்னு எர்ரர் வரும், புது வெர்ஷன் போட்டா அது கூடவே வந்துரும்.

இன்னொருத்தர் பூனைக்கு பட்டை நல்லால்ல, என்ன செய்யன்னு கேட்டிருந்தாங்க. கழுத்துல மணி கட்டுன ரிப்பன் போடுங்க. கோழின்னா கழுத்து இறகு ஒரு வளையமா வரைஞ்சா போதும். பாம்பு வேணும்னு கேட்ட தம்பி, நீ முழுசா வரைய வேண்டியதுதான்.