பால்மர முக்காலிக்குச் சோப்புப் பூச்சு: கூட்டாளி கடையில் பார்த்து, வீட்டில் செய்தது

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் என் கூட்டாளி, அவன் அப்பாவின் மளிகைக் கடை இருந்த இடத்திலேயே ஜப்பான், ஸ்காண்டிநேவியப் பாணி வீட்டுச் சாமான் கடை போட்டிருக்கிறான். "இந்த ஊர்ல இத யாருடா வாங்குவா?" என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். அஞ்சடியில், அதாவது கடை முன் கூரை போட்ட நடைபாதையில், ஏறினால் நடுவில் பிளந்து தொங்கும் நீல நோரென், ஜப்பானிய வாசல் திரை. அதை விலக்கினால் இன்னும் மிளகாய் வாசம். சுவர் அப்பாவை விடவில்லை.

மூலையில் வெளிர் நிறத்தில் ஒரு முக்காலி. தடவினேன். பளபளப்பில்லை, கையில் ஒட்டவுமில்லை. "என்ன வார்னிஷ்?" என்றேன். "சோப்பு லா" என்றான்.

டென்மார்க்கில் பீச், ஆஷ், ஓக் போன்ற வெளிர் மரங்களுக்குச் சோப்புக் கரைசல் பூசுவது பழைய பழக்கம். டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த ஒய் நாற்காலி இன்றும் சோப்புப் பூச்சில் கிடைக்கிறது. கூட்டாளி கடையில் அதன் படம் மட்டும் தொங்குகிறது. விலை கட்டாதாம்.

முக்காலி என்ன மரம் என்று பார்த்தால், நம் பால்மரம், அதாவது ரப்பர் மரம்! 1877இல் நட்ட பால்மரம் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. பாட்டி காலத்தில், பால் வற்றி வெட்டிய மரம் அடுப்புக்குத்தான் போனது. அது நாற்காலி, மேசையாகியதெல்லாம் பிறகு. வீட்டில் பாட்டி வைத்திருந்த பால்மர முக்காலி, காப்பி நிற வார்னிஷோடு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

தேவையானவை

120, 180, 240 எண் மணல்தாள். இரும்புக் கடையில் கெர்தாஸ் பாசிர் என்று கேட்டால் தருவார்கள். இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் மரத்தில் தங்கி ஈரத்தில் துருப்பிடிக்கும். துடைக்கத் துணி. கூட்டாளி என் தலையில் ஒரு தெனுகுய் கட்டினான்: ஜப்பானியப் பருத்தித் துண்டு, ஓரம் மடித்துத் தைக்காததால் சீக்கிரம் காயும். நல்ல துணிதான். ஆனால் இந்த வேலைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியை மிஞ்ச எதுவுமில்லை.

சோப்பு, வாசனையும் சாயமும் சேர்க்காத அசல் சோப்பாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் சோப்பே அல்ல. சோப்புச் சீவல் நம் ஊரில் கிடைக்காததால் வெள்ளைக் கட்டிச் சோப்பைக் கேரட் துருவியில் துருவினேன். அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. உங்களுக்கென்று ஒரு துருவி வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்னிஷைச் சுரண்டுதல்

120இல் தொடங்கி 240 வரை, மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். முகக்கவசம் கட்டாயம். வார்னிஷுக்குப் பதில் பழைய பெயிண்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அந்தச் சாமானைத் தேய்க்காமல் விட்டுவிடுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். கண்ணுக்கு மரம் வெள்ளையாகத் தெரிந்தது, வார்னிஷ் போய்விட்டது என்று நம்பிப் பூசினேன். காய்ந்ததும் முக்காலி முழுக்கத் தேமல்! வார்னிஷ் மிச்சமிருந்த இடத்தில் சோப்பு இறங்காமல் மேலேயே பிசுபிசுத்தது. மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன்.

அதனால் பூசும்முன் விரலால் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். துளி முத்துப்போல உருண்டு நின்றால் அங்கே வார்னிஷ் இருக்கிறது. உடனே உள்ளே இறங்கி மரம் கறுத்தால் சுத்தம். கால்களும் இருக்கையும் சேரும் மூலைகளில் கட்டாயம் தெளியுங்கள், எனக்குக் கடைசிவரை மிச்சமிருந்தது அங்கேதான்.

பிறகு முழு முக்காலியையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் நார் சிலிர்த்து எழும். 240ஆல் லேசாகத் தடவினால் படிந்துவிடும்.

பூசுதல்

ஒரு லிட்டர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி துருவல். கரைந்து ஆறட்டும். துணியால் எல்லாப் பக்கமும் பூசுங்கள், இருக்கையின் அடிப்பக்கம் உட்பட. மேலே மட்டும் நனைத்தால் பலகை வளையும். ஐந்து நிமிடத்தில் மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள், வெள்ளைப் படலம் நிற்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின் அடுத்த பூச்சு. எனக்கு நான்கு பூச்சு பிடித்தது.

மழை நாளில் தொடங்காதீர்கள். பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சைக்கு விருந்து. அக்டோபர், நவம்பர் மழையில் காயாமல் கிடந்தால் கரும்புள்ளி விழும். காற்றோட்டமான நிழலில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

அழுக்கானால் அதே கரைசலால் துடைத்தால் போதும். வார்னிஷ் போல உரித்தெடுக்கும் வேலையே இல்லை, எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்து மேசைக்குச் சோப்புப் பூச்சுப் போட்ட ஒருவர், குழம்பு சிந்தியதும் சோப்புக் கரைசலால் துடைத்தாராம். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது என்று பதறி எழுதினார். பயப்பட ஒன்றுமில்லை. சோப்பில் காரத்தன்மை உண்டு, மஞ்சள் அது பட்டால் சிவக்கும். பள்ளிச் சட்டையில் எல்லோரும் பார்த்ததுதான். வெறும் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, மேசையை வெயிலில் போடச் சொன்னேன். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். மூன்றாம் நாள் படம் அனுப்பினார்: கறை மங்கலாகத் தெரிகிறது, மேசைமேல் பூனை படுத்திருக்கிறது.