கொழும்பில் மருத்துவிச்சியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் கருவுற்றிருக்கும் செய்தியைக் கேட்டதும் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "மிட்வைஃப் யாரென்று முடிவு செய்துவிட்டாயா?" என்பதுதான். ஒன்ராறியோவில் மருத்துவிச்சியை வேண்டுமென்பவர்கள் நேரகாலத்தோடு விண்ணப்பித்து இடம்பிடிக்க வேண்டும். அக்கா அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டார். நானும் அன்றிரவே இணையத்தில் "கொழும்பில் நல்ல மருத்துவிச்சி" என்று தேடிக்கொண்டிருந்தேன். முதல் தவறு அதுதான்.

கொழும்பில் மருத்துவிச்சியை நாம் தெரிவு செய்வதில்லை. நாம் குடியிருக்கும் ஒழுங்கை அதை முடிவு செய்துவிடுகிறது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, சுமார் 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நாம் மருத்துவிச்சி என்று சொல்பவர், என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, வீடு தேடி வருவது, பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டணம் எதுவும் இல்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழிவந்த ஏற்பாடு இது. 1940களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அந்த எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் சில பத்துகளுக்கு இறங்கியதில் வீடு வீடாக நடந்த இந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எந்தப் பகுதி யாருடையது என்பதில் வெள்ளவத்தைக்காரர் பலர் குழம்புகிறார்கள். தெஹிவளைக் கால்வாய்க்கு வெள்ளவத்தைப் பக்கம் கொழும்பு மாநகர சபை. அதன் பொதுச் சுகாதாரத் திணைக்களத்துக்குத் தனியாகக் கிளினிக்குகளும் மருத்துவிச்சிகளும் உண்டு. பாலத்தைக் கடந்தால் தெஹிவளை. அலுவலகமும் ஆளும் வேறு. வாடகை வீடு மாறும்போது பத்து நிமிட நடைதானே என்று பழைய இடத்திலேயே தொடர நினைக்காதீர்கள். வீடு தேடி வர வேண்டியவர் மாறிவிட்டார். புதியவருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

எங்கள் ஆட்களிடம் அதிகம் காண்கிற தவறு இன்னொன்று: "எனக்குப் பெரிய டொக்டர் இருக்கிறார், மிட்வைஃப் எதற்கு?" தனியார் வைத்தியசாலையில் சனல் செய்து, அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து, மகப்பேற்று நிபுணரைப் பார்ப்பவர்கள், கிளினிக் என்பது வசதியில்லாதவர்களுக்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள். என் மச்சாளும் அப்படித்தான் எண்ணினார். 34ஆவது வாரத்தில் நள்ளிரவு நீர்க்குடம் உடைந்தது. குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கத் தனியார் வைத்தியசாலையில் வசதி போதாது என்று அரச வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அனுமதிக்கும் இடத்தில் தாதி கை நீட்டிக் கேட்டது ஒரேயொரு பொருளைத்தான்: கர்ப்பகாலப் பதிவேடு. அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். ஸ்கேன் படங்கள், மருந்துத் துண்டுகள், பற்றுச்சீட்டுகள் எல்லாம் விழுந்தன; இரத்த வகை எழுதிய தாள் மட்டும் வீட்டில் இருந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆனாலும் அந்த இருபது நிமிடத்தை அண்ணன் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பதிவேடுதான் எச் 512 என்னும் அட்டை. ஒரு பிரதி தாயிடம் இருக்கும். இரத்த அழுத்தம், எடை, வயிற்றின் உயரம், பரிசோதனை முடிவுகள், ஏற்றிய ஊசிகள் எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். முன்பின் தெரியாத வைத்தியர்கூட ஒரு நிமிடத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளலாம். நிபுணரைப் பார்ப்பதும் பகுதி மருத்துவிச்சியிடம் பதிவதும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. நிபுணரிடம் போகும்போதும் அட்டையைக் கொண்டுபோய் எழுதித் தரும்படி கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

அடுத்தது தாமதம். மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது வீட்டு வழக்கம், கண்ணூறு படுமாம். உறவினருக்குச் சொல்லாமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். மருத்துவிச்சி உறவினர் அல்ல. எட்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்றுதான் அவர்களுக்குப் பணிப்பு. அதற்குக் காரணம் உண்டு. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதை நாம் கவனிக்கும் நேரத்தில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஃபோலிக் அமிலம் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியது. புதிதாகத் திருமணமானவர்களையும் மருத்துவிச்சி தேடி வருவது இதற்காகத்தான். பலர் அதைத் தேவையற்ற விசாரணையாக நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

கதவு என்றதும் தொடர்மாடிகள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் கட்டடத்துக் காவலாளி, குடையும் தோள்பையுமாக வந்த மருத்துவிச்சியை ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்து இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் முறை நான் கீழே இறங்கிப் போய்க் கூட்டிவந்தேன். மின்தூக்கி பழுது, ஐந்தாம் மாடிவரை ஏறி வந்தவர் உட்காரும்முன்பே என் கணுக்காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். காவலாளியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது பெரிய வேலையில்லை.

மொழி விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். கொழும்பில் உங்கள் பகுதிக்கு வருபவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம். உடனே கணவரையோ மாமியையோ மொழிபெயர்க்க விட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு கிளினிக்கில் என் கண்முன்னே நடந்தது: மருத்துவிச்சி நீளமாக ஏதோ கேட்டார், பக்கத்திலிருந்த பெண்ணின் கண் கலங்கியது, மாமியார் சிரித்தபடி, "பிரச்சினை ஒன்றுமில்லை, மிஸ்" என்று முடித்துவிட்டார். உறக்கம் வருகிறதா, மனம் சோர்கிறதா, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் மாமியார் அல்ல. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் அலுவலகத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நம்பிக்கையான தோழியைக் கூட்டிச்செல்லுங்கள். அரைகுறைச் சிங்களமானாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருபவர்தான் பிரசவமும் பார்ப்பார் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. இல்லை. இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வைத்தியசாலையிலேயே பிறக்கின்றன. பிரசவ அறையில் இருப்பவர்கள் அந்த வைத்தியசாலையின் மருத்துவிச்சிகள், தாதியர், வைத்தியர்கள். அவர்களை முன்பு கண்டிருக்கவே மாட்டீர்கள். நீங்கள் தெரிவு செய்யக்கூடியது வைத்தியசாலையைத்தான். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இரண்டும் பொரளைப் பக்கத்தில்தான் இருக்கின்றன. துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்களா என்பதை முன்கூட்டியே அங்கே கேட்டுவையுங்கள். வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதாக யாராவது விளம்பரம் செய்தால், இலங்கை மருத்துவ சபையில் மருத்துவிச்சியாகப் பதிந்தவரா என்று கேளுங்கள். பதிந்தவர் என்றாலும் நான் போகமாட்டேன். இரத்தப்பெருக்கு வந்தால் காலி வீதி நெரிசலில் என்ன செய்வது?

அவசரத்தில் மருத்துவிச்சிக்கு அழைத்துக் காத்திருப்பதும் தவறு. இரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, நீர் வடிதல், பிள்ளையின் அசைவு குறைதல் எதுவானாலும் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் கொழும்பில் டெங்கு என்றே சந்தேகித்து முதல் நாளே காட்ட வேண்டும். பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை தொடக்கூடாது.

ஏழாம் எட்டாம் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ தாய்வீடு போகிறவர்கள் அட்டையை எடுத்துக்கொள்வதோடு, இங்குள்ளவரிடம் சொல்லிவிட்டு அங்குள்ளவரிடமும் பதிய வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களுக்குள் இருமுறை வர வேண்டியவர், தாயும் பிள்ளையும் இருக்கும் வீட்டுக்குத்தான் வர முடியும்.

அந்தப் பத்து நாட்களில் இன்னொருவரும் வீட்டுக்குள் வருவார்: பிள்ளையைக் குளிப்பாட்டக் கூலிக்குப் பிடிக்கும் அம்மா. பத்தியச் சமையலில் அவர்கள் கைதேர்ந்தவர்கள், சரக்குத்தூள் வாசமே பசியைக் கிளப்பும். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவது, பிள்ளையின் மார்பைப் பிழிவது, தொப்புளில் எதையாவது பூசுவது, சீனித்தண்ணீர் பருக்குவது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். "மிஸ் வேண்டாம் என்று சொன்னார்" என்று பழியை மருத்துவிச்சிமேல் போட்டுவிடலாம். என்னுடையவர் அதற்கு முன்கூட்டியே அனுமதி தந்திருந்தார்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய அன்றே அவருக்கு ஓர் அழைப்பு எடுக்க வேண்டும். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் நடுவில் நான் அதை மறந்துபோனேன்; குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துக் கணவர்தான் எடுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காவலாளியே மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.